இயற்பியல், நுண்கணித வீட்டுக்கணக்குகளுக்கு உதவி கேட்பது எப்படி: டர்பன் முதலாமாண்டு மாணவர்களுக்கு

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி, குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்திலோ டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சேரும் நம் பிள்ளைகளில் பலர் முதல் சில வாரங்களிலேயே வீட்டுக்கணக்குகளில் திணறிப்போகிறார்கள். இதை அறிவுக்குறைவு என்று எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கப் பள்ளிக் கணிதப் பாடத்தில் நுண்கணிதத்தின் ஒரு பாதியான வகையீடு உண்டு, மறுபாதியான தொகையீடு இல்லை. முக்கோணவியல் முழுவதும் பாகையிலேயே நடத்தப்படுகிறது, கோணத்தின் மற்றோர் அலகான ரேடியன் வருவதில்லை. இயற்பியலோ வேதியியலோடு சேர்ந்த ஒரே பாடமாக, நுண்கணிதம் கலக்காமல், தேர்வில் தரப்படும் சூத்திரத்தாளை நம்பியே கற்பிக்கப்படுகிறது. விருப்பப் பாடமான மேலதிகக் கணிதம் எடுத்துப் படித்த சிலரைத் தவிர மற்ற எல்லோருக்கும் இந்த இடைவெளி உண்டு.

ஆகவே, எவரிடமும் உதவி கேட்பதற்கு முன்னால், சிக்கல் இயற்பியலில் இருக்கிறதா நுண்கணிதத்தில் இருக்கிறதா என்பதைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போனால், விசைகளைப் புரிந்துகொள்ளாத மாணவருக்குத் தொகையீட்டைச் சொல்லிக்கொடுத்து ஒரு மணி நேரம் வீணாகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2 கிலோகிராம் நிறையுள்ள பொருள் ஓய்விலிருந்து விழுகிறது; காற்றுத்தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது, அதன் கெழு (வேகத்தோடு பெருக்க வேண்டிய எண்) வினாடிக்கு 0.5 கிலோகிராம், 5 வினாடிக்குப் பின் வேகம் என்ன? பள்ளிப் பழக்கத்தில் முடுக்கத்தை நேரத்தால் பெருக்கினால், புவியீர்ப்பு முடுக்கமான 9.8 பெருக்கல் 5, அதாவது வினாடிக்கு 49 மீட்டர் என்று வரும். அந்தச் சூத்திரம் முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும். இங்கே வேகம் கூடக்கூடத் தடையும் கூடுவதால் முடுக்கம் குறைந்துகொண்டே போகிறது. எடையும் தடையும் சமமாகும் முற்றுத் திசைவேகம் 2 பெருக்கல் 9.8, அதை 0.5-ஆல் வகுத்தால், வினாடிக்கு 39.2 மீட்டர். ஓய்விலிருந்து விழும் இப்பொருள் அதைத் தாண்டவே முடியாது என்பதால், 49 என்ற விடை தவறு என்பது தொகையீடு தெரியாமலேயே விளங்கிவிடுகிறது. சரியான விடை ஏறத்தாழ 28.

இந்தக் கணக்கில் விசைப்படம் வரைந்து, நிறை பெருக்கல் முடுக்கம் என்பது எடையிலிருந்து தடையைக் கழித்ததற்குச் சமம் என்று எழுத உங்களால் முடியவில்லை என்றால், இயற்பியல் டியூட்டரிடம் செல்லுங்கள். அந்த வரியை எழுதிய பிறகு, வேகத்தை ஒரு பக்கமும் நேரத்தை மறுபக்கமும் பிரித்துத் தொகையிட வரவில்லை என்றால், கணிதத்துறை டியூட்டரே உங்களுக்கு உரியவர். சைன், கோசைன் வரும் வேறு கணக்குகளில் இரண்டும் சரியாக இருந்தும் விடை பொருந்தாவிட்டால், முதலில் கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா என்று பாருங்கள்: ரேடியனில் சைன் 2 என்பது 0.909, பாகையில் 0.035. அலைவுக் கணக்குகளில் மணிக்கணக்கில் தேடப்படும் பிழை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

கேட்கப் போகும்போது வினாத்தாளை மட்டும் எடுத்துச் செல்வது போதாது. கணக்கைச் சொந்தச் சொற்களில் ஒரு வரியில் எழுதி, படம் வரைந்து, தெரிந்த அளவுகளை அலகுகளோடு குறித்து, எந்த வரி வரை வந்தீர்கள், எந்த வரியில் ஏன் நின்றீர்கள் என்பதைக் காட்டுங்கள். அழித்தெழுதாமல் தவறான முயற்சியையும் அப்படியே விடுங்கள். உதவுபவருக்கு உங்கள் சிந்தனையைக் காட்டுவது அதுதான். ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்பதைவிட, ‘முடுக்கம் ஏன் மாறிலி ஆகவில்லை?’ என்று கேட்பவருக்கு ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

யாரிடம் கேட்பது? டியூட்டோரியல் வகுப்பே முதலிடம். அதற்கு நீங்கள் ஏற்கெனவே கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். அங்கே பெரும்பாலும் உதவுபவர்கள் அதே பாடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் படித்துக் கடந்த மூத்த மாணவர்கள். அடுத்தது விரிவுரையாளர் ஒதுக்கிவைக்கும் சந்திப்பு நேரம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வாசலில் கூட்டம் நிற்கும், ஆகவே பருவத்தின் தொடக்கத்திலேயே போங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உறவினர் வீட்டில் பொறியியல் படித்த சித்தப்பாவோ அக்காவோ இருந்தால் தாராளமாகக் கேட்கலாம், ஆனால் அவர்கள் விடையை எழுதித் தர முன்வந்தாலும், பேனா உங்கள் கையிலேயே இருக்கட்டும். பணம் வாங்கும் தனி ஆசிரியரை இவை எல்லாவற்றுக்கும் பிறகு தேடினால் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு படியை விளக்கப் பயன்படும். ஆயினும் அவை உறுதியான தொனியில் பிழையாகவும் சொல்லும். எனவே மேலே கண்ட கணக்கானால், அலகு பொருந்துகிறதா, நேரம் மிக நீளும்போது விடை 39.2-ஐ நெருங்குகிறதா, நேரம் மிகச் சிறிதாகும்போது தடையற்ற வீழ்ச்சியைப் போல நடக்கிறதா என்ற மூன்றையும் நீங்களே சோதியுங்கள். பிறர் எழுதியதைத் தம்முடையதாகச் சமர்ப்பிப்பது ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும் என்பதையும் மறக்கலாகாது.

உதவி கிடைத்த மறுநாள், தாளை மூடிவைத்துவிட்டு அதே கணக்கை மீண்டும் போடுங்கள். பிறகு ஒன்றை மாற்றுங்கள்: பொருள் ஓய்விலிருந்து விழாமல், வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி எறியப்பட்டால் என்ன ஆகும்? வேகம் இப்போது மேலிருந்து குறைந்து 39.2-ஐ நெருங்க வேண்டும். அது ஏன் என்று உங்களால் விசைப்படத்தைக் காட்டி விளக்க முடியவில்லை என்றால், அடுத்த டியூட்டோரியலுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கேள்வி அதுவே.