அமெரிக்காவில் விவாகரத்து வக்கீல் தேடும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்த வக்கீலிடமே விவாகரத்துக்கும் போய் நிற்பது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. குடியேற்றச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஏதாவது ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் இருந்தால் எந்த மாநிலத்தவருக்கும் அந்த வேலையைப் பார்க்கலாம். குடும்பச் சட்டம் அப்படியில்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா, டெக்சஸ், வாஷிங்டன் உட்பட 9 மாநிலங்களில் திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் சொந்தம். நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற இடங்களில் நீதிபதி தமக்கு நியாயமாகப் படுகிறபடி பிரிப்பார். அது சரிபாதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே நியூ ஜெர்சி நண்பர் ஆஹா ஓஹோ என்று புகழும் வக்கீலால் டெக்சஸின் டாலஸில் இருக்கும் உங்களுக்குப் பயனில்லை.

வக்கீலின் இணையதளத்தில் உள்ள அறிமுகத்தை மட்டும் படித்துவிட்டு முடிவெடுப்பதும் தவறு. அது விளம்பரம், அவரே எழுதிக்கொண்டது. மாநில வக்கீல்களின் அமைப்பான ஸ்டேட் பாரின் தளத்தில் (நியூயார்க் என்றால் நீதிமன்ற நிர்வாகத்தின் தளத்தில்) பெயரைத் தட்டினால் எந்த ஆண்டு லைசென்ஸ் வாங்கினார், அது இன்றும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்தால் அதையும் தேடிப் பார்க்கலாம். இருந்தால் உடனே பயந்து ஓடவேண்டாம், எதற்காக என்று படியுங்கள். சந்தா கட்ட மறந்ததற்காகச் சில வாரம் லைசென்ஸ் நிறுத்தப்பட்டது வேறு, கட்சிக்காரர் பணத்தில் கை வைத்தது வேறு. சில மாநிலங்களில் ரகசியமாகக் கண்டித்துவிட்டால் அது பொதுப் பதிவில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் பட்டங்கள். சட்டக் கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்குவது நம் ஊர்ப் பழக்கம். பெரிய கல்லூரியில் படித்தவருக்கும் சின்னக் கல்லூரியில் படித்தவருக்கும் அதே மூன்றாண்டுப் படிப்பு, லைசென்ஸுக்கு அதே பார் தேர்வு. வக்கீல்களைத் தரம் பார்த்து வெளியிடும் ‘சூப்பர் லாயர்ஸ்’ பட்டியலில் ஒரு மாநிலத்து வக்கீல்களில் அதிகபட்சம் 5 சதவீதம் பேருக்குத்தான் இடம். அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. காசு கொடுத்தால் கேடயம் அனுப்பிவைக்கும் விருதுகளும் இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நான் பார்ப்பது ‘போர்டு சர்ட்டிஃபைடு’ என்ற சொல்லைத்தான். டெக்சஸ், ஃபுளோரிடா மாநிலங்களில் குடும்பச் சட்டத்துக்கென்றே அந்தச் சான்று உண்டு. கலிஃபோர்னியாவில் அதை ‘சர்ட்டிஃபைடு ஸ்பெஷலிஸ்ட்’ என்பார்கள். சில ஆண்டு அனுபவம், தனித் தேர்வு, சக வக்கீல்களின் கருத்து எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆனால் குடும்பச் சட்டத்தில் இப்படியொரு சான்றே இல்லாத மாநிலங்களும் உண்டு. அங்கே ஒருவரிடம் அது இல்லையே என்று குறை காணக்கூடாது.

விபத்து, குடிபோதை வழக்கு, வீட்டுப் பத்திரம், விவாகரத்து என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருக்கிறாரா? அவருடைய வேலையில் குடும்ப வழக்கு எவ்வளவு, உங்கள் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்கு எத்தனை முறை போகிறார் என்று நேராகவே கேளுங்கள். அந்த நீதிபதிகளின் போக்கு தெரிந்தவர் வேண்டும்.

‘ஜெயித்துக் கொடுப்பேன்’ என்பவரிடம் கவனம். எல்லா மாநிலங்களிலும் யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து வாங்கலாம். கடைசியாக இதை ஏற்ற நியூயார்க்கிலும் 2010-இலேயே வந்துவிட்டது. பெரும்பாலான வழக்குகள் பேச்சுவார்த்தையில்தான் முடிகின்றன. இதில் ஜெயிப்பது என்றால் எதை?

நம் குடும்பங்களுக்கே உரிய பெரிய ஓட்டை ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. திருமணம் மதுரையில் இந்து முறைப்படி நடந்திருக்கும், வழக்கு அமெரிக்காவில். ‘ஒத்துப்போகவில்லை’ என்ற காரணத்தில் இங்கே கிடைக்கும் தீர்ப்பை இந்தியா ஏற்குமா? ஏற்காமல் போகலாம். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் அதை விவாகரத்துக்கான காரணமாகச் சொல்லவில்லை. ஒய். நரசிம்ம ராவ் என்பவருக்கும் அவர் மனைவி வெங்கட லட்சுமிக்கும் இடையிலான வழக்கில் 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம், அந்தத் திருமணச் சட்டத்துக்கு ஒத்துவராத வெளிநாட்டுத் தீர்ப்பு பொதுவாகச் செல்லாது என்றது. எதிர்த்தரப்பு மனமொப்பிச் சம்மதித்திருப்பது போன்ற சில விதிவிலக்குகளையும் சொன்னது. அது தெரியாமல் இங்கே முடித்துக்கொண்டு, ஊரில் மறுமணத்துக்கோ சொத்துக்கோ போகும்போது சிக்கிக்கொள்வார்கள்.

குழந்தை விஷயம் இன்னும் சிக்கல். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தையைத் திரும்ப ஒப்படைப்பதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் அமெரிக்கா இருக்கிறது, இந்தியா இல்லை. குழந்தை கடைசி ஆறு மாதம் எந்த மாநிலத்தில் வசித்ததோ அங்கேதான் கஸ்டடி வழக்கு, அதாவது குழந்தை யார் பொறுப்பில் என்ற வழக்கு, நடக்கும் என்பது பொது விதி. லீவுக்கு ஊருக்கு அனுப்பும் முன்பே இதைப் பேசவேண்டும். அமெரிக்க வக்கீலுக்கு இந்தியச் சட்டம் தெரிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘எனக்குத் தெரியாது, இந்திய வக்கீல் ஒருவரையும் சேர்த்துக்கொள்வோம்’ என்பவர்தான் நல்லவர். கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருப்பவருக்கு விவாகரத்துத் தீர்ப்போடு அந்த அந்தஸ்தும் போய்விடும். அதனால் தீர்ப்பு எப்போது வரவேண்டும் என்பதைக் குடியேற்ற வக்கீலோடும் கலந்து பேசச் சொல்லுங்கள்.

தமிழ் பேசுகிறார் என்பது வசதி, தகுதி ஆகாது. உங்கள் கணவரோ மனைவியோ அவரிடம் முன்பே ஆலோசனை கேட்டிருந்தால் அவர் உங்களை எடுக்க முடியாமலே போகலாம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்ன ஊர்த் தமிழ்ச் சங்கங்களில் இது சகஜம்.

கடைசியாக, இணையதளத்தில் படம் போட்டிருக்கும் மூத்தவர்தான் வழக்கை நடத்துவார் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சந்திப்புக்குப் பிறகு ஜூனியர் கைக்குப் போகலாம். அதில் தப்பில்லை, ஜூனியரின் மணிக்கணக்குக் கட்டணமும் குறைவு. ஆனால் யார் எந்த வேலையைச் செய்வார், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு, முன்பணத்தில் மிச்சம் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.