கப்பலில் மின்வேலை: பம்ப்செட் ரூம் பழக்கம் அங்கே ஏன் ஆகாது?

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கங்களிலிருந்து கடற்படையின் மின்பிரிவுக்குப் போகும் இளைஞர்களில் பலர் ஐ.டி.ஐ. முடித்தவர்கள், அல்லது தோட்டத்துப் பம்ப்செட் ரூமில் ஸ்டார்ட்டரைப் பிரித்து மாட்டிப் பழகியவர்கள். பயம் தெளிந்த கை என்பது நல்ல தகுதிதான். ஆனால் அந்தக் கையோடு கூடவே வரும் சில நம்பிக்கைகள் கப்பலில் ஆளையே கொன்றுவிடக்கூடியவை. ஜாம்நகரில் உள்ள கடற்படையின் மின்பிரிவுப் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். வல்சுராவில் எல்லாவற்றையும் முறையாகச் சொல்லித் தருவார்கள். இருந்தாலும், காரணத்தைப் புரிந்துகொண்டு போகிறவருக்கு விதி மறக்காது.

ஊரில் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பதால், இரண்டு கம்பிகளில் ஒன்றுதான் அடிக்கும், மற்றது அடிக்காது. பல போர்க்கப்பல்களில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மூன்று ஃபேஸ் மின்சாரம் ஓடுகிறது. அதன் எந்த முனையையும் கப்பலின் இரும்பு உடலோடு இணைப்பதில்லை. குண்டடிபட்டு ஒரு கேபிள் இரும்பில் உரசினாலும் சுக்கான் மோட்டாரோ தீயணைப்புப் பம்ப்போ நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அதனால் விளக்கு சர்க்யூட்டில்கூட நியூட்ரல் என்று நம்பித் தொடக்கூடிய கம்பி கிடையாது. இரண்டுமே உயிருள்ள கம்பிகள்தான்.

எந்த முனையும் எர்த்தோடு சேரவில்லையென்றால் ஒற்றைக் கம்பியைத் தொட்டால் அடிக்காதே என்று ஐ.டி.ஐ. படித்தவருக்குத் தோன்றும். தாளில் வரைந்து பார்த்தால் அது சரியாகத்தான் வரும். ஆனால் கப்பல் முழுவதும் ஓடும் கேபிள்களுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே இயல்பாகவே ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கருவி) போன்ற நிலை உண்டாகிவிடுகிறது. மின்னணுக் கருவிகளின் ஃபில்டர்களும் அதோடு சேர்ந்துகொள்ள, உயிரைக் குடிக்கும் அளவு கரண்ட் அந்த வழியாகவே பாயக்கூடும். இதைவிட மோசமானது, ஏற்கெனவே எங்கோ ஒரு ஃபேஸ் இரும்பில் பட்டிருக்கும் நிலை. அப்போது எதுவும் ட்ரிப் ஆகாது. சுவிட்ச்போர்டில் எர்த் பழுதைக் காட்டும், ஃபேஸுக்கு ஒன்றாக உள்ள மூன்று விளக்குகளில் ஒன்று மங்கி, மற்ற இரண்டும் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரியும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வேறொரு ஃபேஸைத் தொடுகிறவர் மேல் முழு 440 வோல்ட்டும் இறங்கும். ஆகவே பணி ஏற்றவுடன் முதலில் அந்த விளக்குகளைப் பாருங்கள். ஒன்று மங்கியிருந்தால், எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விடாமல், உடனே பழுதைத் தேடத் தொடங்க வேண்டும்.

சட்டைப் பையில் செருகி வைக்கும் டெஸ்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. ஒரு கம்பி இரும்பில் பட்டிருந்தால் அதில் டெஸ்டர் எரியாது. செத்த லைன் என்று நினைத்துக் கை வைத்தால் அடுத்த கம்பி காத்திருக்கும். வேலை தொடங்குமுன் எல்லா முனைகளையும் துண்டித்து, 'இயக்காதே' என்ற அட்டையைப் பெயரெழுதி மாட்டி, ஃபியூஸ்களைக் கழற்ற வேண்டும். அந்த அட்டையை மாட்டியவரே, அனுமதி பெற்று, எடுக்க வேண்டும். பிறகு மீட்டரை உயிருள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, வேலை செய்யப்போகும் முனைகளை ஒன்றோடொன்றும் இரும்போடும் சோதித்து, மறுபடியும் அந்தத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்; நடுவில் மீட்டரின் லீட் அறுந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றே.

மோதிரம், வாட்ச், கைக்காப்பு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரைஞாணைக் கழற்றக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தால் கயிறாக மாற்றிக்கொள்ளலாம். எஞ்சின் ரூம் வெக்கையில் வியர்வையும் உப்பும் படிந்த உடலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கும் இறங்கக்கூடும். அப்போது 50 வோல்ட் பட்டாலே 50 மில்லிஆம்பியர் பாயும். சுமார் 10 மில்லிஆம்பியரிலேயே பிடித்த கையை விடமுடியாமல் போகும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிற்கும் இடமும் சாயும் இடமும் இரும்பு என்பதால் உலர்ந்த ரப்பர் விரிப்பின் மேல் நின்றே வேலை செய்ய வேண்டும்.

ரேடார் போன்ற கருவிகளில் சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். தங்கிய மின்னூட்டத்தை இறக்கும் ஷார்ட்டிங் ராடின் கிளிப்பை முதலில் கப்பல் உடலில் மாட்டிவிட்டு, அதன் பிறகே முனையைத் தொட வேண்டும். சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் தொட வேண்டும், ஏனென்றால் மிச்ச மின்னூட்டம் தானாகவே திரும்ப ஏறும். ஆன்டெனா பக்கம் ஏறுவதென்றால் ரேடியோ, ரேடார் அலைபரப்பு முழுவதையும் நிறுத்தி, எழுத்துமூல அனுமதி வாங்கிய பிறகே ஏற வேண்டும். சர்க்யூட் போர்டுகளைத் தொடும்போது மட்டும் நிலைமை தலைகீழ்: அங்கே நம்மிடமிருந்து, அதாவது நம் உடலில் தங்கும் நிலைமின்னிலிருந்து, போர்டைக் காப்பாற்ற வேண்டும். கையில் கட்டும் எர்த் பட்டையில் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பதால் நிலைமின் மெதுவாக இறங்கும்; அது இல்லாத வெறும் கம்பியைக் கையில் கட்டிக்கொள்வது தற்கொலைக்குச் சமம்.

உடனிருப்பவருக்கு ஷாக் அடித்தால், முதலில் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையாலோ கயிற்றாலோ ஆளைப் பிரியுங்கள். மூச்சில்லையென்றால் உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, நடுமார்பில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தத் தொடங்குங்கள். அவர் தானாகவே எழுந்து ஒன்றுமில்லை என்று சொன்னாலும் மருத்துவ அறைக்கு அழைத்துப் போய்விட வேண்டும். இதயத்துடிப்பின் கோளாறு உடனே வெளியே தெரியாமலும் இருக்கலாம்.