பள்ளி நன்கொடை நடை: படிவம் முதல் கணக்கு வரை

மாணவர்கள் ஒரு பாதையில் நடக்க, அதைச் சொல்லித் தெரிந்தவர்களிடம் பள்ளிக்குப் பணம் திரட்டுவதுதான் நன்கொடை நடை. நடக்க நூற்றுக்கணக்கில் மாணவர்கள் வந்தும் உண்டியலில் காசு சேராமல் போவதுண்டு. பாதைக்கும் நடப்பவர்களுக்கான பனியனுக்கும் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நன்கொடைப் படிவத்தைக் கடைசி நேரத்தில் அச்சடித்திருப்பார்கள். அதனால் முதலில் படிவத்தைப் பார்ப்போம்.

ஒரு பக்கம் போதும். மேலே பணம் எதற்கு, இலக்கு எவ்வளவு என்று இரண்டு வரி, பிறகு மாணவர் பெயர், வகுப்பு. கீழே பத்துக் கட்டங்கள்: கொடுப்பவர் பெயர், தொகை, வாங்கிய தேதி, ரசீது எண். 'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று கேட்கும் வழக்கமும் உண்டு. அப்படியானால் அதற்குத் தனிக் கட்டம் வேண்டும். இல்லாவிட்டால் வெறுமனே 20 என்று எழுதியவர் மொத்தமே 20 என்று நினைத்திருப்பார்; 5 கி.மீ. நடந்த மாணவி 100 கேட்டு வாசலில் நிற்பாள். மொத்தத் தொகையை மட்டும் கேட்பது நல்லது. அதையும் நடைக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். நடந்து முடிந்தபின் போனால் "அப்புறம் வாப்பா" தான்.

படிவத்தை 4 வாரம் முன்னால் கொடுங்கள். அதற்கும் முன்பே கொடுத்தால் புத்தகப் பையில் கசங்கிக் கிடக்கும். உறவினர், அக்கம்பக்கம், பெற்றோரின் வேலையிடம் என்று தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட அனுப்பக் கூடாது. வசூலான பணம் வாரம் ஒருமுறை வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும்.

காவல்துறைக்கும் உள்ளாட்சிக்கும் 2 மாதம் முன்பே அனுமதிக் கடிதம் போக வேண்டும். பாதைக்கு 5 கி.மீ. போதுமானது. பேசிக்கொண்டே வரும் கூட்டம் அதை முடிக்க ஒன்றரை மணி நேரம் எடுக்கும். இரண்டரை கி.மீ. சுற்றை இரண்டு முறை நடக்க வைத்தால் ஒரே தண்ணீர் மேசை, ஒரே முதலுதவி மேசை போதும், பாதைக் காவலுக்கும் பாதி ஆள்தான். சுற்றின் உள்பக்க ஓரமாகவே நடந்து, ஒரே பக்கமாகத் திரும்பினால் பெரிய சாலையைக் கடக்கும் வேலையும் பெரும்பாலும் இராது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர், கடக்கும் இடத்தில் பெரியவர் இருவர் நிற்கட்டும்.

எல்லாரையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் முதல் திருப்பத்திலேயே நெரிசல். 50 பேராக, 5 நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். எல்லாருக்கும் பின்னால், பளிச்சென்ற மேல்சட்டை போட்ட ஒரு பெரியவர் வர வேண்டும். அவருக்குப் பின்னால் எந்த மாணவரும் இருக்கக் கூடாது.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: யாரோ ஒரு பையன் பாதியில் வீட்டுக்குப் போயிருப்பான், இங்கே அரை மணி நேரம் தேடுவார்கள். சட்டையில் எண் சீட்டு குத்தி அனுப்புங்கள்; பாதியில் நிறுத்துகிறவர் அந்தச் சீட்டை மேசையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கிளம்பும்போது ஒரு டிக், திரும்பும்போது ஒரு டிக்.

தண்ணீர் தலைக்கு அரை லிட்டர். 200 பேருக்கு 20 லிட்டர் கேன் ஐந்து, வெயில் இருந்தால் ஏழெட்டு. பாட்டில் கொண்டுவரச் சொன்னால் குப்பை குறையும். முதலுதவிப் பெட்டியில் அதிகம் தீர்வது பிளாஸ்திரிதான்: புது ஷூவோடு வருபவர்களுக்குக் குதிகாலில் கொப்புளம் வரும், முன்னமே எச்சரியுங்கள். பெற்றோர் சம்மதக் கடிதத்தில் தொலைபேசி எண்ணும் ஒவ்வாமை, ஆஸ்துமா விவரமும் இருக்கட்டும். இன்ஹேலர் மாணவர் கையில் இருக்க வேண்டும், அலுவலக மேசையில் அல்ல.

பனியனை விட்டுவிடலாம். திரட்டிய பணத்தை அதுதான் தின்னும்.

பணத்தை இரண்டு பெரியவர் சேர்ந்து, வகுப்புவாரியாக எண்ணி, படிவத்தோடும் ரசீது அடிக்கட்டையோடும் ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்ட வேண்டும். கணக்கு இடிக்கிற வகுப்பை அன்றைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு வாரம் போனால் யாருக்கும் நினைவிருக்காது.