கைத்தடி வாங்குவதற்கு முன்னால்

வீட்டுப் பெரியவருக்குக் கைத்தடி வேண்டும் என்றதும் வேலை முடிந்து வரும் வழியில் ஏதோ ஒரு சர்ஜிக்கல் கடையில் நுழைந்து கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருகிறோம், இல்லாவிட்டால் போனில் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். யார் ஊன்றப் போகிறாரோ அவர் கடைக்கு வந்து கையில் பிடித்து நடந்து பார்க்க வேண்டும். வர முடியாதவர் என்றால் உயரத்தையாவது வீட்டில் அளந்துகொண்டு போங்கள்.

எல்லாவற்றையும்விட உயரம் முக்கியம். அவரை நிமிர்ந்து நிற்கவைத்து, கைகளைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கோடு மாதிரி ஒரு மடிப்பு இருக்கும் இல்லையா, தரையிலிருந்து அதுவரை எவ்வளவோ அதுதான் பிடியின் உயரம். ஊன்றி நிற்கும்போது முழங்கை 15 முதல் 20 டிகிரி வரை லேசாக மடங்கியிருந்தால் அளவு சரி. தடி உயரமாகிவிட்டால் தோள் தூக்கிக்கொள்ளும், அழுத்தி ஊன்றவும் வராது. குட்டையாக இருந்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து, முழங்கால் வலியோடு முதுகு வலியும் சேர்ந்துகொள்ளும். செருப்பு போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி, அதனால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறவருக்கு வெறுங்காலோடு அளப்பதுதான் பொருத்தம். வெளியே தடிமனான செருப்போடு நடக்கிற நாளில், உயரத்தை மாற்றப் பட்டன் வைத்த அலுமினியத் தடி என்றால் ஒரு துளை ஏற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் பட்டன் முழுசாக வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, தண்டு ஆடாமல் பிடிக்கும் வளையத்தையும் இறுக்கிவிடுங்கள். மரத்தடியை வெட்டித்தான் குறைக்க முடியும், ஆகவே அடியில் மாட்டும் ரப்பரின் தடிமனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், எந்தக் கையில் பிடிப்பது? வலது முழங்கால் வலித்தால் இடது கையில். இதைச் சொன்னால் நிறைய பேர் நம்புவதில்லை, வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். வலது காலில் மட்டும் நிற்கும் அந்தக் கணத்தில் இடுப்பு இடது பக்கம் சரியாமல் இருக்க வலது இடுப்புத் தசைகள் பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த இழுப்பும் உடம்பின் எடையோடு சேர்ந்து இடுப்பு மூட்டை அழுத்துகிறது. இடது கையில் தடி இருந்தால் சரியப் போகிற பக்கத்தை அது தாங்கிக்கொள்வதால் தசைக்கு வேலை குறைகிறது, எடையில் ஒரு பங்கு தடியில் இறங்குவதால் முழங்காலுக்கும் பாரம் குறைகிறது. தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். கைப்பிடிச் சுவர் இருந்தால் இன்னொரு கையால் அதைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளட்டும்.

நாலு கால் ஸ்டிக்தான் பாதுகாப்பு என்று பலர் நேராக அதையே கேட்கிறார்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைந்தவருக்கு, மெதுவாக நடக்கிறவருக்கு, அது நல்ல துணை. ஓரளவு வேகமாக நடக்கிறவருக்கு அது சரிவராது, ஏனென்றால் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பதிந்தால்தான் அது நிலையாக நிற்கும், அவசரமாக ஊன்றினால் ஆடும். அடிப்பகுதி அகலமானதாக இருந்தால் நம் வீட்டு மாடிப்படிகளில் முழுசாக உட்காராது. அதன் தட்டையான பக்கம் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், மாற்றிப் பிடித்தால் காலோ புடவைக் கரையோ அதில் மாட்டும்.

கொஞ்சம் தடுமாற்றம் மட்டும்தான் என்றால் சாதாரண ஒற்றைத்தடி போதும். மூட்டு வலிக்காக அழுத்தி ஊன்றுகிறவருக்கு, பிடிக்குக் கீழே கம்பி வளைந்து வரும் தடி நல்லது, கையின் பாரம் நேராகத் தண்டில் இறங்கும். கொக்கி மாதிரி வளைந்த பழைய மரப்பிடி கையில் மாட்டிக்கொள்ள வசதிதான், ஆனால் நீண்ட நேரம் ஊன்றினால் உள்ளங்கை வலிக்கும். விரல் மூட்டுகளில் வாதம் உள்ளவருக்குப் பருமனான மெத்தென்ற பிடியாகப் பாருங்கள்.

இரண்டு காலும் பலமில்லை, அல்லது முழு எடையையும் தடியில் போட்டுத்தான் நடக்க முடிகிறது என்றால் தடியே வேண்டாம், வாக்கர் வாங்குங்கள். சமீபத்தில் விழுந்தவரையும் தலைசுற்றல் உள்ளவரையும் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு எது வாங்குவது என்பதை பிசியோதெரபிஸ்ட் நடையைப் பார்த்துச் சொல்லட்டும்.

எந்தத் தடியாக இருந்தாலும் அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் ஈரமான டைல்ஸில் வழுக்கும், உடனே மாற்றிவிட வேண்டும். விலை ரொம்பக் குறைவு, தண்டின் பருமனுக்குப் பொருத்தமாக மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பணம் ஒரு தடையாக இருந்தால், 60 வயது கடந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழே அல்லது குறைந்த வருமானத்தில் உள்ள பெரியவர்களுக்கு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக முகாம் நடத்தி, கைத்தடி, வாக்கர் போன்றவற்றை இலவசமாகத் தருகிறார்கள். கையில் வாங்கியதும் அங்கேயே நிற்கவைத்து உயரத்தைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.