காக்டெயிலுக்குப் பாகு: அளந்து காய்ச்சுவதும் அதில் கலக்கும் பானங்களும்

காக்டெயில் கலக்கும்போது மதுவை அளந்து ஊற்றுவார்கள், எலுமிச்சையைக்கூட அளப்பார்கள். இனிப்பை மட்டும் கைக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பானம் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சர்க்கரையை அப்படியே போட்டால் குளிர்ந்த மதுவில் சரியாகக் கரையாமல் அடியில் மணல்போல நிற்கும். முதல் வாய் புளிக்கும், கடைசி வாய் திகட்டும். அதற்காகத்தான் பாகு. அந்தப் பாகு என்ன அடர்த்தி என்று தெரியாவிட்டால் எந்தக் குறிப்பைப் பார்த்தும் பயனில்லை.

இரண்டு வகை போதும். ஒன்றுக்கு ஒன்று (சாதாரணப் பாகு): 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் தண்ணீர். இரண்டுக்கு ஒன்று (அடர்ந்த பாகு): 400 கிராம் சர்க்கரை, 200 கிராம் தண்ணீர். முதலாவதில் சுமார் 325 மி.லி. பாகு கிடைக்கும், இரண்டாவதில் சுமார் 450 மி.லி.

இரண்டையும் தராசில் நிறுத்துதான் எடுக்க வேண்டும். 200 மி.லி. டம்ளர் நிறைய அள்ளிய சர்க்கரை 170 கிராம் அளவில்தான் இருக்கும், அதே டம்ளர் தண்ணீரோ 200 கிராம். டம்ளர் கணக்கில் காய்ச்சினால் பாகு நீர்த்துப் போவது இதனால்தான். பொடித்த சர்க்கரை வாங்க வேண்டாம். கட்டி பிடிக்காமலிருக்க அதில் சோளமாவு கலப்பதுண்டு, பாகு கலங்கிவிடும்.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, சர்க்கரையைக் கொட்டித் தெளியும்வரை கிளறுங்கள். ஒன்றுக்கு ஒன்று பாகுக்கு வேறு வேலையே இல்லை. இரண்டுக்கு ஒன்று மட்டும் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கேட்கும். குமிழ் வரவிடாதீர்கள். ஜாமூனுக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கை பிசுபிசுப்புப் பதம் பார்க்கத் துடிக்கும். இங்கே பதம் பார்க்கவே கூடாது, ஏனென்றால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி அளவு மாறிவிடும். வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்து வையுங்கள். முடிவில் பாகின் எடை 400 கிராமுக்குக் (அடர்ந்ததற்கு 600) குறைந்திருந்தால், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கொதித்த தண்ணீரை ஊற்றிச் சரிசெய்துவிடலாம். அழுக்கு தெரிந்தால் துணியில் வடிகட்டுங்கள். பலகாரப் பாகுக்கு அழுக்கெடுக்கப் பால் விடுவதுபோல இதில் விடக்கூடாது. எலுமிச்சை பட்டதும் மிச்சமிருக்கும் பால் திரிந்துவிடும்.

இரண்டுக்கு ஒன்று பாகு மற்றதைவிட இருமடங்கு இனிப்பு என்று நினைத்துப் பாதியாக ஊற்றுவது எல்லோரும் செய்யும் பிழை. ஒரு மி.லி. சாதாரணப் பாகில் சர்க்கரை சுமார் 0.6 கிராம், அடர்ந்ததில் சுமார் 0.9 கிராம். ஒன்றரை மடங்குதான். ஆகவே குறிப்பில் 22 மி.லி. சாதாரணப் பாகு என்றிருந்தால் அடர்ந்ததில் 15 மி.லி. ஊற்றுங்கள்.

கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் சாதாரணப் பாகு மூன்று வாரம் தாங்கும், அடர்ந்தது மாதக்கணக்கில் நிற்கும். மேலே நூல்நூலாக மிதந்தாலோ கலங்கினாலோ கொட்டிவிடுங்கள், அது பூஞ்சை. அடர்ந்த பாகில் அடியில் கற்கண்டு கட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் தாங்கக்கூடிய சர்க்கரையின் எல்லையிலேயே அந்தப் பாகு இருக்கிறது, குளிரில் கொஞ்சம் பிரிந்துவிடும். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் கரைந்துவிடும்.

மாதுளைப் பாகு

காக்டெயில் குறிப்புகளில் மாதுளைப் பாகுக்குப் பெயர் கிரெனடீன்; அந்தப் பெயரே மாதுளைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கடையில் அந்தப் பெயரில் விற்கும் பல பாட்டில்களில் மாதுளையே கிடையாது, நிறமும் வாசனையும்தான். வீட்டில் செய்வதற்கு இதைவிட ஏற்ற பாகு இல்லை. அடர்சிவப்பு முத்துள்ள பகவா ரகம் வாங்குங்கள். முத்துக்களை மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டுத் துணியில் பிழியுங்கள். நைய அரைத்தால் விதை உடைந்து கசப்பு இறங்கும். 250 மி.லி. சாற்றுக்கு 250 கிராம் சர்க்கரை. சிறு தீயில் கரையும்வரை மட்டும் வைத்து இறக்கி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள்; புளிப்பில் சிவப்பு இன்னும் பளிச்சென்று நிற்கும். கொதித்துவிட்டால் நிறம் பழுப்பேறி ஜாம் வாசனை வந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கலக்கும்போது

பாகு சரியா என்று சோதிக்க டைக்கிரியைவிட நல்ல பானம் கிடையாது, ஏனென்றால் அதில் ஒளித்துவைக்க எதுவுமில்லை. கியூபாவில் சாந்தியாகோ நகருக்கு அருகில் சுரங்கம் இருந்த டைக்கிரி என்ற ஊரின் பெயர் இது. வெள்ளை ரம் 60 மி.லி. (ஒரு லார்ஜ் பெக்), எலுமிச்சைச் சாறு 22 மி.லி., சாதாரணப் பாகு 22 மி.லி. மூடி இறுகும் எவர்சில்வர் ஷேக்கரில் நிறையக் கெட்டி ஐஸோடு 12 முதல் 15 விநாடி ஓங்கிக் குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்துக் குளிரவைத்த கோப்பையில் ஊற்றுங்கள். உருகி நீர் சொட்டும் ஐஸ் போட்டால் பானம் குளிர்வதற்குள் நீர்த்துவிடும்.

ஆங்கிலக் குறிப்புகளில் வரும் லைம்தான் நம்மூர் எலுமிச்சை. லெமன் என்பது தடித்த தோலுள்ள பெரிய மஞ்சள் பழம்; அது வேறு. டைக்கிரிக்கு நம் பழம் அச்சாகப் பொருந்தும். லெமன் கேட்கும் விஸ்கி சவருக்கு (விஸ்கி, புளிப்புச் சாறு, பாகு கலந்த பானம்) நம் பழத்தைப் பிழிந்தால் சுவை கூர்மையாக வரும். 22 மி.லி. என்றிருக்கும் சாற்றை 18 ஆக்கிச் சுவைத்துப் பாருங்கள். சாறு அன்றன்று பிழிந்ததாக இருக்கட்டும். முந்தின நாள் சாறு மந்தமாகக் கசக்கும்.

ஓல்ட் ஃபேஷன்டு என்ற விஸ்கி காக்டெயிலுக்கு அடர்ந்த பாகுதான், தேவையில்லாத தண்ணீர் சேராது. போர்பன் (அமெரிக்க மக்காச்சோள விஸ்கி) 60 மி.லி., பாகு ஒரு தேக்கரண்டி, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (மூலிகைக் கசப்புச் சாரம்) இரண்டு உதறல். மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று 1806-ல் நியூயார்க் மாநிலப் பத்திரிகை ஒன்று காக்டெயிலுக்குச் சொன்ன விளக்கம் ஏறக்குறைய இதுவேதான். சாறு இல்லாத பானம் என்பதால் குலுக்கக் கூடாது. ஐஸ் போட்டு அரை நிமிடம் கரண்டியால் சுற்றினால் தெளிவாக நிற்கும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையில் பாகு காய்ச்சி நன்றாக வடிகட்டி ஊற்றினால் போர்பனோடு அழகாகச் சேரும்.

மாதுளைப் பாகுக்கு டெக்கிலா சன்ரைஸ். டெக்கிலா (மெக்சிகோவின் நீலக் கத்தாழை மது) 45 மி.லி., ஆரஞ்சுச் சாறு 90 மி.லி. ஐஸ் நிறைந்த உயரமான கிளாஸில் கலந்தபின், 15 மி.லி. பாகைக் கிளாஸின் ஓரமாக மெல்ல விடுங்கள். கனமான பாகு அடிக்கு இறங்கிக் கீழே சிவப்பும் மேலே மஞ்சளுமாகப் பிரியும். அதன் பிறகு கிளற வேண்டாம். பாகு இறங்காமல் கலந்துபோனால் ஊற்றிய வேகம் அதிகம், அல்லது பாகு நீர்த்திருக்கிறது. மது வேண்டாதவர்களுக்கு அதே 15 மி.லி. பாகை 180 மி.லி. ஜிஞ்சர் ஏலில் (இஞ்சிச் சுவைச் சோடா) விட்டு ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்தால் ஷெர்லி டெம்பிள்.