கோட்டை அருங்காட்சியகத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

சென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் "அது தலைமைச் செயலகமாச்சே, நம்மள உள்ள விடுவாங்களா" என்று தயங்கி, வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. தாராளமாக விடுவார்கள். தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகம் கோட்டைக்குள் 1948 முதல் இருக்கிறது. சில வழக்கங்கள் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: கிழமை பாருங்கள்.
வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போனால் நிதானமாகப் பார்க்கலாம். மெட்ரோவில் ஐகோர்ட் ஸ்டேஷனிலோ, பீச் லைன் ரயிலில் கோட்டை நிலையத்திலோ இறங்கி நடக்கலாம். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது.

படி 2: பையைக் காலியாக்குங்கள்.
கோட்டை வாசலில் போலீஸ் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "மியூசியத்துக்கு" என்று சொன்னால் சரி. காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு அப்படியே வந்துவிடாதீர்கள். தின்பண்டத்துக்கும் இதே கதைதான். சிந்திய பருக்கைக்குக் கரப்பான் வரும், அப்புறம் பழைய காகிதத்தையும் துணியையும் அரிக்கும் பூச்சிகளும் வரும். பர்மா பஜார் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடும் ஆசை இருந்தால், பார்த்து முடித்துவிட்டுப் போங்கள். மழை நாளில் சொட்டும் குடையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ஈரக்காற்று ஓவியத்துக்கும் ஆகாது, இரும்புக்கும் ஆகாது.

படி 3: கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.
எல்லோரும் மீறுகிற விதி இதுதான். உள்ளே, ஆங்கிலேயரின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் பெரிய பளிங்குச் சிலை நிற்கிறது. திப்பு சுல்தானின் மகன்கள் இருவரை அவரிடம் பிணையாக ஒப்படைக்கும் காட்சியை அதன் பீடத்தில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சின்ன உருவங்களைத் தடவிப் பார்க்கத்தான் கை போகும். "கல்லுதானே, என்ன ஆகிடும்?" என்று தோன்றும். நம் விரலில் எண்ணெயும் உப்பும் எப்போதும் இருக்கின்றன. ஒருவர் தொட்டால் தெரியாது. வருகிறவர்கள் எல்லாம் அதே இடத்தைத் தொட்டால் பளிங்கு கறுக்கும், விளிம்பு மழுங்கும். பழைய வாள், நாணயம் போன்றவற்றில் அந்த உப்பே துருவுக்கும் களிம்புக்கும் வழி செய்யும். கண்ணாடிப் பெட்டிமேல் சாய்வதும், பீடத்தில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

படி 4: படம் எடுக்கும் முன் கேளுங்கள்.
டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. அனுமதித்தாலும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி இங்கே இருக்கிறது. பட்டுக் கொடி. வெளிச்சம் பட்டுப்பட்டு இழை நைந்துபோகும், சாயம் வெளுக்கும், போனது திரும்பாது. அதனால்தான் அங்கே வெளிச்சம் குறைவு. கரண்ட் பிரச்சினை என்று நினைத்து செல்போன் டார்ச்சை அடிக்காதீர்கள். ஒரு நிமிஷம் நின்றால் கண் பழகிவிடும். ஃபிளாஷ் அடித்தாலும் படத்தில் விழுவது கண்ணாடியில் தெரியும் உங்கள் முகம்தான்! வெளியே வந்ததும் செயலகக் கட்டடங்களையும் காவல் நிற்பவர்களையும் படம் பிடிக்க வேண்டாம். ரீல்ஸ் ஆட்டத்துக்கு மெரினா இருக்கிறது.

படி 5: பிள்ளைகளோடு போனால்.
வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னால் அவர்களுக்கு அந்த இடமே பிடிக்காமல் போய்விடும். பேசட்டும், ஓடாமல் இருந்தால் போதும். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று இழுக்காதீர்கள். நாணயம், ஆயுதம், ஓவியம் என்று அவர்களுக்குப் பிடித்த பகுதியில் நேரம் செலவழியுங்கள். காவலர் அதட்டினால் முகம் சுளிக்க வேண்டாம். "அண்ணே, இது என்ன?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்க அங்கேயே நிற்கிறவர், பலகையில் எழுதாததையும் சொல்லக்கூடும்.