இளையோர் நாவல் செய்திகளையும் விமர்சனங்களையும் இணையத்தில் பின்தொடர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யங் அடல்ட் எனப்படும் இளையோர் நாவல்களைப் பற்றி இணையத்தில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. அப்படியும் தினம் ஒரு மணி நேரம் ஸ்க்ரோல் செய்துவிட்டு, தனக்குச் சற்றும் ஒத்துவராத புத்தகத்தை வாங்கி ஐம்பதாம் பக்கத்தில் மூடி வைப்பவர்கள் ஏராளம். செய்தி, விளம்பரம், விமர்சனம் மூன்றும் ஒரே திரையில் ஒரே தோற்றத்தில் வந்து விழுகின்றன. நாமும் மூன்றையும் ஒன்றுபோலவே படித்துவிடுகிறோம். எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: சொல்வது யார், எப்போது சொன்னார், புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொன்னாரா? கீழே வரும் தவறுகள் எல்லாம் இவற்றில் ஏதோ ஒன்றைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

சராசரி ஸ்டாரை மட்டும் பார்ப்பது

வாசகர்கள் புத்தகங்களுக்கு ஸ்டார் போட்டு விமர்சனம் எழுதும் தளமான குட்ரீட்ஸில் 3.6 என்று கண்டதும் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தளம் ஒவ்வொரு ஸ்டாருக்கும் ஒரு பொருள் வைத்திருக்கிறது. ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று பிடித்தது, நான்கு ரொம்பப் பிடித்தது, ஐந்து அபாரம். அந்தக் கணக்கில் மூன்று ஸ்டார் என்பது பாராட்டு. ஆனால் எல்லோரும் அப்படிப் போடுவதில்லை. பொருள் வாங்கும் தளங்களின் பழக்கத்தில் மூன்றைக் குறையாக நினைத்துப் போடுகிறவர்களும் அதே பக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு அளவுகோல்களைக் கூட்டி வகுத்து வந்த எண்தான் அந்தச் சராசரி.

இன்னொரு சிக்கல் தொடர் நாவல்களில் வருகிறது. முதல் பாகம் 3.8, மூன்றாம் பாகம் 4.4 என்று இருந்தால், எழுத்து போகப் போக மெருகேறியிருக்கிறது என்று தோன்றும். முதல் பாகம் பிடிக்காதவர்கள் அத்தோடு விலகிவிட்டார்கள், மூன்றாவதைப் படிப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ரசிகர்கள் என்பதே பெரும்பாலும் காரணம். தொடரைத் தொடங்கலாமா என்று யோசிப்பவர் முதல் பாகத்தின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் பாகத்தின் எண் முதல் பாகத்தை விடக் குறைந்திருந்தால் அது உண்மையிலேயே கவனிக்க வேண்டிய சேதி. ரசிகர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

வெளியீட்டுக்கு முன்பே ரேட்டிங் போட அந்தத் தளம் அனுமதிக்கிறது. முன்பிரதி, அதாவது வெளியீட்டுக்கு முன்பே பதிப்பகம் தரும் பிரதி, கையில் கிடைத்தவர்களுக்கு அது தேவை. ஆனால் அட்டையைப் பார்த்தே ஐந்து போடுபவரும், எழுத்தாளர் மீதுள்ள கோபத்தில் ஒன்று போடுபவரும் அதே கதவு வழியாகத்தான் நுழைகிறார்கள். 2023 டிசம்பரில், முதல் நாவல் வெளிவரக் காத்திருந்த ஓர் எழுத்தாளர் போலிக் கணக்குகள் வழியாகச் சக அறிமுக எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு ஒரு ஸ்டார் போட்டது அம்பலமாகி, பதிப்பகம் அவருடைய புத்தகத்தையே கைவிட்டது. வாசகர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரே கணக்குகள் ஒரே புத்தகத்தை மட்டும் தூக்கிப் பிடித்து, மற்றவற்றைத் தாழ்த்தியதை வரிசைப்படுத்திக் காட்டினார்கள்.

ஆகவே ஒரு புத்தகப் பக்கத்தைத் திறந்தால் செய்ய வேண்டியது: முதலில் வெளியீட்டு நாளைப் பாருங்கள். பிறகு ஸ்டார் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் பட்டைகளைப் பாருங்கள். ஐந்திலும் ஒன்றிலும் மட்டும் குவிந்து நடுவில் காலியாக இருந்தால் அங்கே சண்டை நடக்கிறது என்று பொருள். அடுத்து ஃபில்டரில் மூன்று ஸ்டாரைத் தேர்ந்து நான்கைந்து விமர்சனங்களைப் படியுங்கள். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லப் பொறுமை உள்ளவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். 'கதாநாயகிக்கு எரிச்சலூட்டும் பிடிவாதம்' என்று ஒருவர் குறையாகச் சொல்வது உங்களுக்குப் பிடித்த குணமாகக்கூட இருக்கலாம்.

நான்கு ஸ்டார் விமர்சனமும் ஐந்துக்கு நான்கும்

புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. ஒரு நாவலுக்கு 'நான்கு ஸ்டார்டு ரிவ்யூ கிடைத்தது' என்று பதிப்பகம் அறிவித்தால், ஐந்துக்கு நான்கு மதிப்பெண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு கணக்கு. கர்க்கஸ், பப்ளிஷர்ஸ் வீக்லி, புக்லிஸ்ட், ஸ்கூல் லைப்ரரி ஜர்னல், ஹார்ன் புக் போன்ற அமெரிக்கத் தொழில்முறை இதழ்கள், தமக்குச் சிறப்பாகப் பட்ட புத்தகத்தின் விமர்சனத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரக் குறி இடுகின்றன. நான்கு வெவ்வேறு இதழ்கள் அந்தக் குறியைக் கொடுத்திருக்கின்றன என்பதே அறிவிப்பின் பொருள். அது பெரிய விஷயம்.

இந்த இதழ்களின் விமர்சனங்கள் நூலகர்களுக்காகவும் புத்தகக் கடைக்காரர்களுக்காகவும் எழுதப்படுபவை. சில நூறு சொற்களுக்குள் கதைச் சுருக்கம், பலம், பலவீனம், பொருத்தமான வயது எல்லாம் வந்துவிடும். பல விமர்சனங்கள் வெளியீட்டுக்கு முன்பே வந்துவிடுவதால், எது வரப்போகிறது என்று அறிய நல்ல வழி. நேரமில்லாதவர்கள் கடைசி வாக்கியத்தையும் வயதுக் குறிப்பையும் மட்டுமாவது பார்க்கலாம். கர்க்கஸில் தீர்ப்பு இறுதி வரியில்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: சொந்தமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளர்கள் கட்டணம் செலுத்தி விமர்சனம் பெறும் தனிப் பிரிவும் அங்கே உண்டு. கட்டணம் செலுத்தியதால் பாராட்டு உறுதி என்று ஆகிவிடாது. ஆனாலும் எந்தப் பிரிவில் வந்த விமர்சனம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பின்னட்டையில் சக எழுத்தாளர்கள் எழுதும் இரண்டு வரிப் புகழுரை விமர்சனமே அல்ல. அதைக் கேட்டு வாங்குவது பதிப்பகம். பாராட்டாத வரி அச்சுக்குப் போகாது.

முன்பிரதி வாங்கியவரின் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது

நெட்கேலி, ஈடல்வைஸ் போன்ற தளங்கள் வழியாகப் பதிப்பகங்கள் முன்பிரதிகளை இலவசமாகத் தருகின்றன. வாசகர்கள் இதை ஆர்க் என்பார்கள். இலவசமாக வாங்கியவர் எல்லாம் பொய் சொல்வார் என்று ஒதுக்குவது ஒரு தவறு. அவர் சொல்வதை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. அடுத்த முறையும் பிரதி வேண்டும் என்ற எண்ணம் விமர்சனத்தின் தொனியைக் கொஞ்சம் மென்மையாக்கும். பிடிக்காத புத்தகத்தைப் பற்றி எழுதாமலேயே விட்டுவிடுபவர்களும் நிறைய. அதனால் வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் நீங்கள் பார்ப்பது வடிகட்டிய பாராட்டு. வெளியாகி ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் காசு கொடுத்து வாங்கியவர்களின் குரலும் சேர்ந்திருக்கும்.

முன்பிரதி இறுதிப் பிரதியும் அல்ல. திருத்தப்படாத மெய்ப்பு என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி யாராவது வைதிருந்தால், அந்த வரி விற்பனைப் பிரதியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பகிருங்கள்.

வயது வகையைக் குழப்புவது

மிடில் கிரேடு என்பது 8 முதல் 12 வயது வரை, யங் அடல்ட் என்பது 12 முதல் 18 வரை. நியூ அடல்ட் அதற்கு மேல், பெரியவர்களுக்கானது. பதினெட்டு வயதுக் கதாநாயகி, கற்பனை ராஜ்ஜியம், பளபளக்கும் அட்டை இருந்தால் இணையத்தில் எல்லாவற்றையும் ஒய்.ஏ. (யங் அடல்ட் என்பதன் சுருக்கம்) என்றே குறிச்சொல் போட்டுவிடுகிறார்கள். வாசகர்கள் கூட்டாகப் போடும் குறிச்சொல் பதிப்பகத்தின் வகைப்பாடு ஆகாது. சரியான பதில் பதிப்பகத்தின் சொந்தப் பக்கத்தில் இருக்கும். '12 வயதுக்கு மேல்', '14 வயதுக்கு மேல்' என்று இரண்டு படிகள் யங் அடல்ட் என்ற ஒரே வகைக்குள் இருப்பதையும் கவனியுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கும்போது அந்த இரண்டு வருட வித்தியாசம் ரொம்பப் பெரிது.

விமர்சனம் எழுதுபவரின் வயதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் இளையோர் நாவல் வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் என்று 2012-இல் பௌக்கர் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. முப்பத்தைந்து வயது வாசகர் 'கதாபாத்திரங்கள் சின்னப்பிள்ளைத்தனமாக நடந்துகொள்கின்றன' என்று எழுதினால், பதினைந்து வயதுக்காரருக்கு அது குறையே அல்ல.

உள்ளடக்க எச்சரிக்கை வேண்டுமென்றால், குட்ரீட்ஸ் போன்ற இன்னொரு வாசகர் தளமான ஸ்டோரிகிராஃப் உதவும். வன்முறை, தற்கொலை எண்ணம் போன்றவற்றைத் தீவிரம், மிதம், லேசு என்று மூன்று படிகளாக வாசகர்கள் குறிக்கிறார்கள். பக்கத்தில் எத்தனை பேர் குறித்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒருவர் குறித்ததும் நூறு பேர் குறித்ததும் ஒன்றல்ல.

பட்டியல்களும் பரிசுகளும்

பெஸ்ட்செல்லர் பட்டியல் விற்பனையை அளக்கிறது, தரத்தை அல்ல. விற்பனையைக்கூட எப்போதும் நேராக அளப்பதில்லை. 2017 ஆகஸ்டில், யாருமே கேள்விப்படாத ஒரு நாவல் நியூயார்க் டைம்ஸின் இளையோர் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. கடைகளில் மொத்தமாக ஆர்டர் கொடுத்த விவரத்தை ஒய்.ஏ. வட்டாரத்தினரே ட்விட்டரில் தோண்டி எடுத்தார்கள்; ஒரு நாளுக்குள் பட்டியல் திருத்தப்பட்டது. அந்தப் பட்டியலில் ஒரு தலைப்பின் அருகே குத்துவாள் வடிவக் குறி இருந்தால், மொத்தக் கொள்முதல் நடந்ததாகக் கடைகள் தெரிவித்திருக்கின்றன என்று பொருள். தொடர்களுக்குத் தனிப் பட்டியல் இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த தொடரின் புதுப் பாகம் இளையோர் பட்டியலில் இல்லையென்றால், அது விற்கவில்லை என்று அவசரப்படாதீர்கள்.

பரிசுகளில் ஒவ்வொன்றும் எதற்கானது என்று தெரிந்தால் போதும். அமெரிக்க நூலகச் சங்கம் தரும் விருதுகளில் பிரின்ட்ஸ் விருது 2000 முதல் இலக்கியத் தரத்துக்காக வழங்கப்படுகிறது. மோரிஸ் விருது முதல் நாவலுக்கானது, 2009 முதல். அலெக்ஸ் விருது இளையோரும் ரசிக்கக்கூடிய பத்துப் பெரியவர் நூல்களுக்கு, அதை ஒய்.ஏ. பட்டியலாக நினைத்து வாங்குபவர்கள் உண்டு. குட்ரீட்ஸ் சாய்ஸ் வாசகர் வாக்கெடுப்பு. யாருக்கு ரசிகர்கள் அதிகம் என்று அது சொல்லும்.

வராத புத்தகத்துக்குக் காத்திருப்பது

நாவலைப் பதிப்பிக்கும் உரிமையைப் பதிப்பகத்துக்கு விற்றதாக வரும் அறிவிப்புக்கும் புத்தகம் கடைக்கு வருவதற்கும் நடுவே ஒன்றரை, இரண்டு வருடங்கள் ஆவது சகஜம். விற்பனைத் தளத்தில் டிசம்பர் 31 என்று நாள் போட்டிருந்தால், பெரும்பாலும் அது இடம் நிரப்பப் போட்ட தேதி. எழுத்தாளரின் நியூஸ்லெட்டரிலோ பதிப்பகப் பக்கத்திலோ உறுதி செய்யுங்கள். அமெரிக்கப் பதிப்புகள் வழக்கமாகச் செவ்வாயன்றும் பிரிட்டிஷ் பதிப்புகள் வியாழனன்றும் வரும். இரண்டும் தனித்தனிப் பதிப்புகள் என்பதால் ஒரே நாவலுக்கு இரண்டு தேதி, இரண்டு அட்டை, சில சமயம் இரண்டு தலைப்புகூட இருக்கலாம். புது அட்டையைப் பார்த்துப் புது நாவல் என்று எண்ணி, வீட்டில் இருப்பதையே மறுபடி வாங்காமல் இருக்க முதல் வெளியீட்டு ஆண்டைப் பாருங்கள்.

'சினிமாவாகிறது' என்ற செய்தியில் ஆப்ஷன் என்ற சொல் இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்கு உரிமையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படி ஒதுக்கப்பட்ட கதைகளில் பெரும்பாலானவை படமாவதே இல்லை. நடிகர் தேர்வும் படப்பிடிப்புத் தேதியும் வந்த பிறகு சந்தோஷப்படலாம்.

அலர்ட் வைக்கும்போது

நாம் கொடுத்த சொல் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் கூகுள் அலர்ட்டில் ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று மட்டும் போட்டால், இளம் வயதினரின் புற்றுநோய், மனநலம், வேலைவாய்ப்பு என்று செய்திகள் கொட்டும். ஆய்வுக் கட்டுரைகளிலும் அதே சொற்கள்தான். 'ஒய்.ஏ.' என்ற இரண்டு எழுத்தைப் போட்டால் ஸ்பானிஷ் பக்கங்கள் வந்து நிற்கும். அந்த மொழியில் அது 'ஏற்கெனவே' என்று பொருள்படும் அன்றாடச் சொல். 'யங் அடல்ட் நாவல்' என்ற ஆங்கிலத் தொடரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, வேண்டாத சொற்களின் முன் கழித்தல் குறி போடுங்கள். அலர்ட் வரும் வேகத்தை வாரம் ஒரு முறை என்று மாற்றிவிடுங்கள். இந்தத் துறையில் அன்றே தெரிந்தாக வேண்டிய செய்தி மிகக் குறைவு.

இருபது தளங்களைத் தினம் திறந்து பார்ப்பதைவிட பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஃபீட் ரீடரில் ஏழெட்டை மட்டும் சேர்ப்பது நல்லது: இரண்டு தொழில்முறை இதழ்கள், பிடித்த பதிப்பகங்கள் இரண்டு, மிச்சம் விமர்சகர்கள். சமூக ஊடகத்தில் எதைக் காட்டுவது என்று அல்காரிதம் தீர்மானிக்கிறது. புக்டாக் எனப்படும் டிக்டாக் புத்தக வீடியோக்களில் அழுதபடி காட்டப்படும் புத்தகம் ஐந்து வருடம் பழையதாக இருந்தாலும் நேற்று வந்ததுபோலத்தான் தெரியும்.

'இந்தக் கோடையில் படிக்க வேண்டியவை' வகைப் பட்டியல்களில் இப்போது புது ஆபத்து சேர்ந்திருக்கிறது. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் இணைப்பிதழில் வந்த 15 புத்தகங்களில் 5 மட்டுமே உண்மையில் இருந்தவை. மற்றவை, நிஜ எழுத்தாளர்களின் பெயரில் ஏ.ஐ. கற்பனை செய்த தலைப்புகள். முன்பின் தெரியாத தலைப்பைப் பார்த்தால் பதிப்பகமும் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-னும் இருக்கின்றனவா என்று ஒரு நிமிடம் தேடுங்கள்.

யாருடைய விமர்சனத்தைப் படிப்பது

அதிகம் ஃபாலோவர்கள் உள்ளவரைப் பின்தொடர்வதுதான் பலரும் செய்வது. அதைவிட, நீங்கள் ஏற்கெனவே படித்த ஐந்து நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மிகப் பிடித்தவை, இரண்டு பிடிக்காதவை, ஒன்று நடுத்தரம். அந்த ஐந்தைப் பற்றியும் ஒருவர் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். நான்கிலாவது அவர் காட்டும் காரணங்கள் உங்களுடையவற்றோடு ஒத்துப்போனால் அவரை வைத்துக்கொள்ளலாம். காரணம் சொல்லாமல் 'செம', 'மோசம்' என்று மட்டும் எழுதுபவரை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு நேர் எதிராகச் சொல்லும் ஒருவர் சிக்கினால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காதல் அதிகம், சண்டை குறைவு என்று அவர் சலித்துக்கொள்ளும் நாவல், காதல் கதை தேடுபவருக்கு நல்ல துப்பு. தொடர் நாவல்களில் மட்டும், நீங்கள் முடித்த பாகத்தைத் தாண்டிய எதையும் யார் எழுதியிருந்தாலும் திறக்காதீர்கள். நான்காம் பாகத்தின் கதைச் சுருக்கத்தில் முதல் வரியே, மூன்றாம் பாகத்தில் யார் இறந்தார் என்று சொல்லிவிடும்.